இறக்கி விடுற இடம்

முன் சீட்டில் இருந்த கமலேஷ் போனில் குரலைத் தாழ்த்தி இங்கிலீஷில் பேசினான். நடுவட்டத்தில் அப்பாவை ‘டிராப் ஆஃப்’ பண்ணப் போகிறானாம். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாதாம்.

டாக்சியை ஓட்டிய சசிரேகாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரிந்தது.

பின் சீட்டில் அவன் அப்பா இருளப்பன், மடியில் துணிப்பையோடு. பைக்காரா வழியில் மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் கரைவதைப் பார்த்தபடி வந்தார்.

வழியில் கமலேஷ் டீ வாங்க இறங்கினான். பெரியவர் முன்னால் குனிந்தார்.

“டிராப் ஆஃப்னா என்னா பிள்ளை?”

தினமும் டாக்சி ஓட்டுபவளுக்குத் தெரியாதா? இறக்கி விடுவது. விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது.

“பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கறதுங்க ஐயா” என்றாள்.

“நல்ல வார்த்தைதான்.” கண்ணை மூடிக்கொண்டார்.

கமலேஷ் நீட்டிய டீயை அவள் வாங்கவில்லை.

நடுவட்டத்தில், தேயிலைச் சரிவை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. அப்பாவைக் கைபிடித்து உள்ளே விட்ட கமலேஷ், தனியாகத் திரும்பி வந்து காரில் ஏறினான்.

“கூடலூர் போங்க.”

கார் நகர, வாசலுக்கு வந்து நின்ற பெரியவர் பனிக்குள் கனவில் வந்தவர்போல மங்கி, மறைந்துபோனார்.

சசிரேகாவால் பொறுக்க முடியவில்லை. “ஏனுங்க, பெத்தவரை ஆளில்லாத ஊட்டுல உட்டுட்டுப் போறீங்களே, தப்பில்லைங்களா?”

“தப்புதாங்க. இத்தனை வருசமாப் பண்ணது தப்புதான்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கூடலூரில் ஒரு மாடி வீட்டின் முன் நிறுத்தச் சொன்னான். உள்ளே போய் வயதான ஒரு அம்மாவை அழைத்து வந்து பின் சீட்டில் உட்கார வைத்தான்.

“எங்கடா கூட்டிட்டுப் போற? அண்ணன் கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேம்மா. அண்ணன் ஊட்டுல நீ, என் ஊட்டுல அப்பான்னு பிரிச்சு வச்சதெல்லாம் போதும். நடுவட்டத்துல ஒரு ஊடு பார்த்திருக்கேன். எனக்கும் அங்கயே வேலை மாத்தல் கிடைச்சிருக்கு. அப்பா வந்துட்டாரு.”

கார் மலையேறி மறுபடி பனிக்குள் நுழைந்ததும் அந்த அம்மா சசிரேகாவின் தோளை மெல்லத் தொட்டார்.

“கொஞ்சம் வெரசாப் போ பிள்ளை. வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பாரு... அவருக்குக் குளிரு ஆகாது.”