அரை மணித் தூக்கம்

கவரைப்பேட்டைக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சொர்ணத்துக்கு அந்த டைம்பீஸைக் கண்டாலே குலை நடுங்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமியார் கெங்கம்மாள் அதில் அலாரம் வைத்து அவள் தலைமாட்டில் வைப்பாள்.

“அரை மணி நேரம் படு. மணி அடிச்சா எழுந்து வேலையப் பாக்கணும்.”

ஐந்து மாதக் கர்ப்பம் கண்ணை அழுத்தும். ஒருநாள் மணி அடித்தும் புரண்டு படுத்தவளை, கெங்கம்மாள் தோளைப் பிடித்து உலுக்கி உட்காரவைத்துவிட்டாள்.

இன்னொரு நாள் சொர்ணம் கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மணி ஐந்து. அலாரம் அடிக்கவே இல்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அவள் அரைக்க வேண்டிய கேழ்வரகை மாமியாரே திரிகையில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்த, சத்தியமா மணி அடிக்கல. வேணும்னு தூங்கல அத்த.”

“நாந்தான் அலாரம் வைக்கல. உன் மாமனாரு பெரியபாளையம் கோயிலுக்குப் போயிருக்காரு. வர்றதுக்கு ராத்திரியாவும்.”

சொர்ணம் திரிகைப் பிடியை வாங்கக் கை நீட்டினாள்.

“மத்த நாள்ல மூணு மணிக்கு ஊட்டுக்குள்ள நுழைஞ்சிடுவாரு. நா மாசமா இருக்கசொல்ல, பகல்ல இன்னா தூக்கம்னு எட்டி உதைச்சாரு. என் தலைச்சன் புள்ள அதுலதான் போச்சு. அவரு வர்றதுக்குள்ள நீ எழுந்துக்கணும்னுதான் அந்த மணி.”

கெங்கம்மாள் இன்னொரு கை கேழ்வரகை அள்ளிப் போட்டாள்.

“போ. இன்னும் கொஞ்ச நேரம் படு.”