தெருவுக்கு ஒரு பிள்ளை

"லீனா, செத்த கீழே வரியா?"

திருவனந்தபுரம் வலியசாலையில் அவள் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி பாகீரதி மாமிதான். கல்லூரியிலிருந்து வந்த லீனா இன்னும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"என்ன மாமி?"

"எம்பிள்ளை சுமந்த் போன்ல பேசறான், மூஞ்சியே தெரியலே. என்னன்னு பாரேன். அப்பறம் கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் கூட வரணும், கேட்டியா?"

"நாளைக்கு எனக்குத் தமிழ்ப் பரீட்சை மாமி."

"தெரியும்டி. இந்தத் தெருவுல வேற யாரைக் கூப்பிடறது? எல்லாக் கொழந்தைகளும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயாச்சே."

காலையில்தான் எதிர்வீட்டு வெங்கடசுப்ரமணியன் மாமாவுக்கு கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுத்திருந்தாள். நேற்று மூலை வீட்டு மாமிக்கு மருந்துக்கடை வரிசையில் நின்றாள். பெருமூச்சு விட்டுக்கொண்டே ஆட்டோ பிடிக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மாமிக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் சரிந்த லீனா புத்தகத்தைத் திறந்தாள். தூக்கக் கலக்கத்தில் படிப்பு ஓடவில்லை. அப்போது போன் அடித்தது. அம்மா.

"முழங்கால் வலி எப்படிம்மா? டாக்டரிடம் போனாயா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"போய் வந்துவிட்டேன்" என்றாள் ஹாம்பர்க்கிலிருந்து அம்மா. "இந்தப் பனியில் தனியாக நடக்க முடியுமா? நீ இந்தியாவுக்குப் படிக்கப் போய்விட்டாய். இந்தத் தெருவில் வேறு யாரைக் கூப்பிடுவது? மேல்வீட்டில் தங்கிப் படிக்கிற இந்தியப் பையன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். பாவம், நாளைக்கு அவனுக்குப் பரீட்சையாம்."