நான்கு கதவும் சாத்தியபடி

இரண்டாவது படகும் காரின் கூரையிலிருந்து வழுக்கி, மூக்கு பானெட்டில் இடிக்க நின்றது.

மணி மூன்று பத்து.

ஐந்து மணிக்குள் ஏரிக்கரை வாடகை வீட்டின் சாவியை அவள் கையில் வாங்கியாக வேண்டும். வீட்டுக்காரர் கறார் பேர்வழி. ஐந்து அடித்தால் வெளியூர் கிளம்பிவிடுவார். திரும்புவது அடுத்த சனிக்கிழமைதான். போய்ச் சேர ஒரு மணி நேரம். நாலுக்குள் கார் கிளம்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கிளம்பினால், அவள் இந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியிலிருந்தே அரை மணி நேரம் ஆறுதலாகப் பேசுவான். வீட்டுக்குள் நுழைந்தால் வாயில் பூட்டு. நான் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கும் 'சரி' என்றான். ஒரே வார்த்தை.

மற்ற சாமான்கள் காலையிலேயே வேனில் போய்விட்டன; வீட்டுக்காரரே திறந்து உள்ளே இறக்கி வைத்துக்கொண்டார். ஓராள் துடுப்புப் போடும் ஒல்லிப் படகுகளான இந்த இரண்டு கயாக்குகளை மட்டும் வேன்காரர் ஏற்றவில்லை. வண்டியைவிட நீளம் என்று கையை விரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது அவர்களுடைய சின்னக் கார். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். மேலே கேரியர் கிடையாது. கூரையில் கம்பளியை விரித்து, படகுகளைக் கவிழ்த்து, சரக்குக் கட்டும் பட்டையால் காரோடு சேர்த்துக் கட்ட வேண்டியதுதான்.

அதைத்தான் இரண்டரை மணியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தான்.

முதல் தடவை பட்டை முறுக்கிக்கொண்டது. இரண்டாம் தடவை கம்பளி நழுவி, இதோ, பானெட்டில் இடி. மூன்றாம் தடவை கயிற்றைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் பம்பரில் கட்டி இழுக்க, பம்பர் ஒரு பக்கமாக வாயைப் பிளந்தது.

மறுபடியும் எல்லாவற்றையும் அவிழ்த்தான்.

மாடிக்குப் போன வாரம் குடிவந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், பால்கனியில் நாற்காலியே போட்டுவிட்டார்.

"தம்பி, பேசாம காரைத் தூக்கிப் படகுக்குள்ள வச்சுக் கட்டுங்க. சுலபமா முடிஞ்சிடும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படகு எங்கே ஓடிவிடப் போகிறது, நீ பஸ்ஸில் போய் முதலில் சாவியை வாங்கிக்கொள்ளேன் அம்மா என்று அவர் யோசனையும் சொன்னார். காதில் விழாதவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாற்பது. சாய்ந்த வெயில் பிடரியில் இறங்கியது. அவன் குனிந்து பட்டையின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாத விரல்கள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷம் இந்த முதுகிடம் பேசியாகிவிட்டது!

"நாலு மணிக்குள்ள முடியுமா, முடியாதா? அதையாவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

அவன் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொரு தடவ பாக்கலாம்" என்றான், கொக்கியிடம்.

நான்காம் தடவை. கார்க் கதவு நான்கையும் அறைந்து சாத்தினான். கண்ணாடிகளை இறக்கினான். பட்டையைப் படகுகளுக்கு மேலே வீசினான். அந்தப் பக்கம் நின்ற அவள் அதைப் பிடித்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டாள். இந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக அவன் வெளியே இழுத்தான். முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று. ஒரு காலைக் காரில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

படகுகள் இம்மி அசையவில்லை.

மூன்று ஐம்பத்தைந்து.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவின் கைப்பிடியை இழுத்தாள். கதவு வரவில்லை. பின்கதவு, அதுவும் வரவில்லை. பட்டை ஜன்னல் சட்டங்களையும் சேர்த்து வளைத்துப் பிடித்திருந்தது. படகோடு நான்கு கதவையும் கட்டிவைத்திருந்தான்.

பால்கனியில் போஸ்ட்மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டு, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

அவன் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குள் தலையைக் கொடுத்தான். தோள் போயிற்று. இடுப்பு மாட்டியது. காலை உதறியதில் ஒரு செருப்பு தெருவில் விழுந்தது. எப்படியோ புரண்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான்.

அவளும் அப்படியே ஏறியிருந்தால் போயிருக்கலாம். அவளுடைய ஒடிசலான உடம்புக்கு அந்த ஜன்னல் தாராளம்.

அவள் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

நாலு அடித்தது. நாலே கால் ஆயிற்று.

போன் அடித்தது. வீட்டுக்காரர். கிளம்பியாயிற்றா இல்லையா என்று கேட்டார்.

அவள் காருக்குள் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவன் வாய் லேசாகத் திறந்து, மூடிக்கொண்டது.

"இவருக்குச் சரியாக் கட்டத் தெரியல சார். அடுத்த சனிக்கிழமையே வந்து சாவிய வாங்கிக்கறேன்" என்றாள்.

ஆறு வருஷமாக, ஞாயிறு தவறாமல், இதே இரண்டு படகையும் இதே காரில் கட்டி ஏரிக்குக் கொண்டுபோகிறவன் அவன். கதவுகளைத் திறந்து வைத்து, பட்டையைக் கூரைக்கு அடியில் கொடுத்து வாங்கி, கொக்கியை மாட்டி இறுக்க, மிஞ்சிப்போனால் எட்டு நிமிஷம்.

அத்தனை ஞாயிறும் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.