இன்னும் எட்டு மிதி

"அமுக்குங்க மாமா... பிடிங்க... விடுங்க!"

காருக்கு அடியிலிருந்து கணவனின் குரல் கேட்டதும், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

ஓட்டுநர் இருக்கையில் அவளுடைய அப்பா. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நெற்றியெல்லாம் வியர்வை, கால் கிளட்ச் பெடலின்மேல்.

"என்னங்க இது அநியாயம்? நடக்கவே தடுமாறுற மனுஷரையா மிதிக்க வெச்சிருக்கீங்க?"

"கிளட்ச் சிலிண்டர் ரெண்டையும் மாத்திட்டேன். எண்ணெய்க் குழாய்ல புகுந்த காத்தை வெளியேத்தணும். மேல ஒருத்தர் மிதிச்சாத்தானே கீழ நான் திருகைத் திறந்துவிட முடியும்?"

"மெக்கானிக்கிட்ட விட்டா குடியா முழுகிடும்? கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேணாமா? அப்பா, இறங்குங்க. நான் மிதிக்கிறேன்."

"போம்மா! முப்பது வருஷம் பஸ் ஓட்டின கால் இது."

"வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக வேலையைப் பாதியில விட்டுட்டு இறங்குவாங்களா? மாப்பிள்ளை, அடுத்தது!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் முழங்காலை மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு ஆயுளுக்கும் ஊன்றுகோல்தான் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அந்தப் பயிற்சிக்கு அழைத்தால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்பவர் அப்பா. மாப்பிள்ளையின் கார் என்றால் மட்டும் கால் வருகிறதாக்கும்!

கணவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்று காருக்கடியில் குனிந்தாள்.

ஸ்பானர் ஓரமாகக் கிடந்தது. அவன் கையில் இருந்தவை பென்சிலும், மருத்துவர் கொடுத்த பயிற்சித் தாளும். தாள் முழுக்கக் கோடுகள்.

அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"காத்தெல்லாம் நேத்தே போயாச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மிதிச்சுக் கொடுத்தார்" என்று கிசுகிசுத்தான். "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒரு நாளைக்கு அறுபது தடவை. இன்னும் எட்டுதான் பாக்கி. காரியத்தைக் கெடுத்துடாதே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளை, அப்பா ஜன்னல் வழியே சைகை காட்டி அருகில் அழைத்தார்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாதே" என்றார் காதோடு. "கீழ திருகைத் திறந்துவிட்டா பெடல் தொபுக்குன்னு தரைக்குப் போகணும். இது ஒரு தடவைகூடப் போகலை. அவர் எதையும் திறக்கவே இல்லைன்னு மூணாவது மிதியிலேயே தெரிஞ்சுபோச்சு. பாவம், எனக்காகச் சிமென்டுத் தரையில மல்லாந்து கிடக்கிறார்."

பிறகு, காருக்கு அடியில் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"மாப்பிள்ளை! இன்னும் காத்து இருக்கும்போல இருக்கே... நாளைக்கும் ஒரு தடவை பார்த்துடுவோமா?"