நான்கு மெஷினும் ஓடுகின்றன

அருள்புரம் சந்துக்குள் ஜீப் திரும்பியதும் நாகஜோதி மெயின் சுவிட்சைப் போட்டாள்.

நான்கு ஓவர்லாக் மெஷின்களும் இரைந்தன. அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் குனிந்து தைக்கத் தொடங்கினார்கள்.

தைக்க ஆர்டர் எதுவும் இல்லை. அமெரிக்காவில் வரி ஏறியதிலிருந்தே இல்லை. பக்கத்துக் கம்பெனியில் கேட்டு வாங்கிய கட்டிங் வேஸ்ட்டைத்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷின் வாங்கிய கடனோடு அரசாங்கம் தந்த மானியம் இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது. யூனிட் நடக்கிறது என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதினால் அது கடனில் கழியும். பூட்டிக் கிடக்கிறது என்று எழுதினால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அப்புறம் மெஷின்கள் வங்கிக்கு. நாகஜோதி மறுபடி யாரோ ஒருவருடைய கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு உட்கார வேண்டும்.

அதிகாரி தரணீதரன் உள்ளே வந்தார். சின்ன வயதுதான். வணக்கம் சொல்லிவிட்டு மெஷின்களைச் சுற்றி நடந்தார்.

அவளுக்குப் பயமெல்லாம் முதல் மெஷினில் இருந்த லிங்கசாமியை நினைத்துத்தான். பழைய சட்டை போட்டு வாருங்கள் என்று நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனிதர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி சரியாக அவர் பக்கத்திலேயே நின்றார். சம்பளமெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார்.

“சனிக்கிழமையானா கைக்கு வந்துருமுங்க. அம்மிணி அதுலயெல்லாம் கரெக்ட்டுங்க.”

எந்த டெய்லர் ஓனரை அம்மிணி என்பான்? அடுத்த மெஷினில் ரங்காத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை இன்னும் கீழே கொண்டுபோனாள்.

அதிகாரி ஒரு பீஸை எடுத்து விரித்தார். உடம்பே இல்லாமல் இரண்டு கைகள் மட்டும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. இது என்ன ஸ்டைல் என்று கேட்டார்.

குழந்தைகள் ஐட்டம் என்றாள் நாகஜோதி.

அவர் அந்தத் துணியை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார். தைப்பவர்களின் முதுகுப் பக்கம் நின்று சில படங்கள் எடுத்தார். பெயர்ப்பலகைக்கு அடியில் நாகஜோதியை நிறுத்தி ஒரு படம். எல்லாம் மேலிடத்துக்குப் போகுமாம்.

முடிந்தது என்று அவள் மூச்சுவிட்டபோது, வாசலைத் தாண்டியவர் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஓனர், ஒரு நிமிஷம் வெளிய வாங்க.”

நான்கு மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன.

லிங்கசாமி எழுந்தேவிட்டார். ரங்காத்தாள் முந்தானையைச் சரிசெய்தபடி பாதி எழுந்திருந்தாள். மற்ற இரண்டு மெஷின்களில் இருந்த அந்தோணிராஜும் மூக்கையாவும் என்ன என்பதுபோல வாசலைப் பார்த்தார்கள்.

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார்கள்.

தரணீதரன் ஜீப்பருகே போய் நின்றார். நாகஜோதி பின்னாலேயே ஓடினாள். மூன்று வருஷ உழைப்பு சார் என்று ஆரம்பித்தாள். ஆர்டர் வந்தால் மறுநாளே ஆள் வைத்துவிடுவேன் என்றாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் பேசியது டிரைவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

“அடுத்து லிங்கசாமியண்ணன் யூனிட்டுங்க. அப்புறம் அந்தக்கா யூனிட்டு, அப்புறம் அவங்க ரெண்டு பேரோடது. எல்லா எடத்துலயும் முதுகையே போட்டோ எடுத்துட்டிருக்க முடியாது. அங்கெல்லாம் டெய்லரா உட்காரும்போது மாஸ்க் போட்டுக்கோங்க. போட்டோவுல ஒரே முகம் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

நாகஜோதி உள்ளே இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க எல்லாரும் முன்னால போங்க. நான் டீ குடிச்சிட்டு மெதுவா வர்றேன்.”

உள்ளே நான்கு முதலாளிகளும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.