பெயர் சொல்லாத கோளாறு

"மோ து பாஸை மறந்துபோட்டாய், கோசலை. உண்மையைச் சொல்லு."

"இல்லை அக்கா. சரியாத்தான் அடிக்கிறன்."

பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில், மிருணாளினியின் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் காலை பத்து மணியிலிருந்து இதே பாட்டுத்தான். கோசலை அந்த மோ து பாஸை, அதாவது கடவுச்சொல்லை, அடிப்பாள். கணினி ஏற்றுக்கொள்ளும். திரை ஒருதரம் கறுக்கும். பிறகு, வாசல்வரை கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியது போல, மறுபடியும் பெயரைக் கேட்கும்.

மிருணாளினி தன் பெயரில் நுழைந்து பார்த்தாள். உடனே திறந்தது. கோசலைக்கு மட்டும்தான் வழியில்லை.

கோசலை வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம். அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு இன்று ஐந்து மணிக்குள் பதிவுத் தபாலில் போயாக வேண்டும். குண்டும் ஷெல்லும் விழ அங்கே நடந்ததை வாயால் சொல்ல முடியாமல், தனியே உட்கார்ந்து அவளே தமிழில் தட்டிய பக்கங்கள் அவள் பெயரில் திறந்த கணக்குக்குள்ளே கிடக்கின்றன. அவை வெளியே வந்தால்தான் மிருணாளினி பிரெஞ்சில் எழுத முடியும்.

"இதைத் திறக்காமல் நான் கதிரையை விட்டு எழும்பமாட்டன்," என்றாள் மிருணாளினி. கீழ்க் கடையில் கணினி திருத்தும் பாண்டிச்சேரிக்காரர் சுப்ராயனைக் கூப்பிட்டாள்.

வந்தவர் முதல் வேலையாகத் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, சுவரோரமாக நின்றுகொண்டார். யாரும் பார்க்கக் கூடாதாம்! மிருணாளினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பிழை?"

"சின்னதுதான் மதாம்."

"சின்னதுக்கும் ஒரு பேர் இருக்குமெல்லே?"

அவர் கோசலையை ஒருதரம் பார்த்தார். "அவங்க கணக்குல ஒரு புரோகிராம் பேரு எழுதியிருக்கு. உள்ள போனதும் மொதல்ல அதைத்தான் தேடும். வேண்டாததையெல்லாம் யாரோ அழிச்சப்ப அதுவும் சேர்ந்து போயிடுச்சு."

அழித்தது மிருணாளினிதான். அதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

"எந்தப் புரோகிராம்?"

"அது... ஒண்ணுமில்ல. வேற ஒண்ணு மாத்திடுறேன்."

"பேர் சொல்லுறதுக்கு வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

அவர் குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார். ஆள் சும்மா பூச்சுற்றுகிறார் என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது. பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவருக்கு எங்கள் சனத்தின் கஷ்டம் எங்கே விளங்கப்போகிறது!

"இப்பப் போடுங்கம்மா," என்று திரையைத் திருப்பிவைத்தார் சுப்ராயன்.

கோசலை அடித்தாள். திரை கறுத்தது. திறந்தது! பன்னிரண்டு பக்கமும் பத்திரமாக இருந்தன.

"நான் ஓடிப்போய் என்வலப் வாங்கிக்கொண்டு வாறன் அக்கா," என்று கண்ணைத் துடைத்தபடி கோசலை இறங்கி ஓடினாள்.

மிருணாளினி விடுவதாயில்லை. "இப்பவாவது சொல்லுங்கோ. அந்தச் சாமானின்ரை பேர் உங்களுக்கு உண்மையிலை தெரியுமோ, தெரியாதோ?"

படிக்கட்டில் காலடிச் சத்தம் அடங்கும்வரை சுப்ராயன் பொறுத்திருந்தார்.

"ஷெல், மதாம். போன மாசம் அந்தம்மா என் கடைக்கு வந்தப்ப அந்தப் பேரை ஒருவாட்டி சத்தமா சொல்லிட்டேன். அந்தம்மா மேசைக்கு அடியில போய்க் குப்புறப் படுத்துட்டாங்க."