எதை எடுப்பது?

“மொதல்ல என் கல்யாணத்தை எடுத்துடுண்ணா” என்றாள் தங்கை. “அதுதான் ரொம்ப இடத்தை அடைக்குது.”

அண்ணன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். டிவிடியின் அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டரைக் கேட்டால் 4.3தான் என்றது. வீடு விற்கிறவன் சொல்லும் சதுர அடிக்கும், கட்டிலைப் போட்ட பிறகு மிஞ்சும் சதுர அடிக்கும் உள்ள வித்தியாசம்.

அப்பா ஆறு மாதமாகப் பழைய கேமரா கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். எல்லாம் சேர்ந்து ஐந்தைத் தொட்டது. டிவிடியில் எழுதச் சொன்னால் ‘இடம் போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். எதையாவது எடுத்தால்தான் அடங்கும். எதையும் எடுக்க அப்பாவுக்கு மனசு வராது. “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

அப்பா கிளம்புவதற்குள் இதை முடித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து அவன் தலைக்குள் இருந்த ஒரே நினைப்பு அதுதான். மற்ற இடமெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது போல இருந்தது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு டிவிடியாப் போட்டுடேன்.”

“ஒண்ணுலதான் போடணும்னு அப்பா சொல்லிட்டார். ரெண்டானா ஒண்ணை நான் தொலைச்சுடுவேன்னு அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.”

“சரி, சுருக்க முடியாதா?”

“சுருக்கினா அம்மா மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியும். அப்புறம் அம்மாகிட்ட யாரு பேச்சு வாங்கறது?”

மாமா கதவைத் திறந்து தலையை நீட்டினார். “டேய், கம்ப்யூட்டரை ஹால் லைன்ல மாட்டிடலியே? ஃப்யூஸ் போச்சுன்னா வாடகைக்கு வந்தது நின்னுடும். வெயில் வேற இப்படிக் கொளுத்துது.”

“இது தனி லைன் மாமா. அப்பா?”

“ரெடி. நீலக் கோடு போட்ட சட்டை. கண்ணாடியும் வேணும்னுட்டா உங்கம்மா, போட்டாச்சு. வண்டி கிளம்பிடுச்சாம், சட்டுன்னு முடி.”

ஒவ்வொரு ஃபைலுக்கும் அப்பா பெயர் வைத்திருந்தார். ‘குட்டி நடக்கிறாள்’. ‘அம்மா திட்டுகிறாள் 1’. ‘அம்மா திட்டுகிறாள் 2’. ‘அம்மா திட்டுகிறாள் 3, புது வீடு’.

தங்கை தன் கல்யாணத்தைத் திறந்தாள். அவள் காரில் ஏறுகிறாள், கையசைக்கிறாள், கார் போகிறது. அதற்குப் பிறகு திரையில் இரண்டு செருப்புகள்தான்.

“பாரு, என் கல்யாணத்துல என்னையே காணோம். பத்து நிமிஷம் அப்பாவோட செருப்பு! கேமராவை அணைக்கவே மறந்துட்டார். இதைப் போய் வெச்சுக்கிட்டு...”

படத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. செருப்பு நகரவே இல்லை.

“செருப்பு இருக்கட்டும்” என்றான் அண்ணன்.

அடுத்தது ‘பெரியவன் மரம்’. பள்ளிக்கூட நாடகம். ராஜாவும் மந்திரியும் வசனம் பேசித் தள்ள, அவன் கைக்கு ஒன்றாக இரண்டு கிளைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அப்பா நாடகம் முழுக்க மரத்தை மட்டுமே எடுத்திருந்தார். ராஜாவின் தோள்பட்டைகூட உள்ளே வரவில்லை.

அவன் கை அந்த ஃபைல் மேல் போனது.

“அண்ணா, அதை எடுக்காதே! வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைத்தானே போட்டுக் காட்டுவார்.”

“பார்த்தவங்க யாராவது மறுபடி வந்தாங்களா?”

மரத்தை எடுத்தான். கையில் நடுக்கம் எதுவும் இல்லை. அசையாமல் நிற்க அவனுக்குச் சின்ன வயசிலேயே நல்ல பயிற்சி. கம்ப்யூட்டரும் இந்த முறை முரண்டு பிடிக்கவில்லை. 4.3க்குள் வீடு மொத்தமும் அடங்கிவிட்டது.

டிவிடி உள்ளே சுழல ஆரம்பித்தது. இருவரும் அந்தப் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்தார்கள்.

“அங்க போட்டுப் பார்க்க ப்ளேயர் இருக்குமாண்ணா?”

“யார்கிட்டயாவது இருக்கும்.”

நல்ல ஜோக்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

டிவிடி வெதுவெதுப்பாக வெளியே வந்தது. சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க, திரும்ப உள்ளே தள்ளிக் கைக்கு வந்த ஃபைலைத் திறந்தான். அத்தனை கேசட்டிலும் அப்பாவின் முகம் விழுந்தது அந்த ஒன்றில்தான். அன்றைக்கு மட்டும் கேமரா தங்கை கையில் இருந்தது. அவளுக்கு ஆறு வயசு. அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

“ஏய் குட்டி, வேணாம்மா! சொன்னாக் கேளு, என்னை எடுக்காதே! என்னை எடுக்காதே!”

மேஜையில் இடித்துக்கொண்டார். பேப்பர் விழுந்தது. வாய் கொள்ளாத சிரிப்போடு கேமராவைப் பார்த்தார். அதோடு படம் நின்றது.

மாமா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. அவனே டிவிடியை வெளியே எடுத்து உறையில் போடும்வரை காத்திருந்தார். பிறகு அவன் தோளில் கை வைத்து மெல்லக் கேட்டார்.

“வண்டி வந்துடுச்சுப்பா. அப்பாவை எடுத்துடலாமா?”